குதிரைகள் விட்டுச்சென்ற பாதை



ஜெர்மனியின் பஸாவு நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை, டான்யூப் நதியோரமாக ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தூரத்திற்கு மிதிவண்டிப் பாதை செல்கிறது. முற்காலத்தில், நீரோட்டத்தை எதிர்த்துப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடந்த கரைவழியே பல இடங்களில் இப்பாதையாகியுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. குதிரைகளுக்கு வேலை ஒழிந்தது. கரைவழியோ எஞ்சி நின்றது.

ஷ்லோகென் என்னும் சிற்றூரருகே, நதி குன்றைச் சுற்றி வந்த திசைக்கே திரும்புகிறது. அடர்ந்த காட்டுக்குள் சக்கரத்தின் ஓசை மட்டுமே கேட்கும். மோட்டார் வாகனம் இல்லாததால், பின்னால் வரும் பிள்ளையைத் தாய் பதறித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சுமை இழுத்த குதிரைக்காக ஏற்றமின்றி அமைத்த வழி, இன்று முதியவருக்கும் சிறுவருக்கும் இதமாக இருக்கிறது.

பயன் தீர்ந்ததென்று எண்ணி, நாம் அவசரத்தில் அழித்துவிடும் வழிகள் எத்தனை! சற்றே சிந்திப்போமாக.