தகடு செய்த தகராறு

ராத்திரி 9.43. புயல் இல்லை, பூகம்பம் இல்லை. 1988 நவம்பர் 15-ஆம் தேதி, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் என்கிற மலைக் கிராமத்தில், 300 அடி விட்டமுள்ள ரேடியோ டெலஸ்கோப் ஒன்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று விழுந்தது. ட்யூட்டியில் இருந்த ஆபரேட்டருக்குக் காயம்கூட இல்லை. காலையில் போய்ப் பார்த்தால், பழைய இரும்புக் கடை!

1962-ல் அவசரமாக, சிக்கனமாகக் கட்டியது அது. மேலும் கீழும் தலையாட்டும், பக்கவாட்டில் திரும்பாது. அதாவது 'ஆமாம்' சொல்லத் தெரியும், 'இல்லை' சொல்லத் தெரியாது. (இந்த ரகம் எல்லா ஆபீஸிலும் உண்டு, ப்ரமோஷனும் சீக்கிரம் கிடைக்கும்.) பூமி சுழலச் சுழல நட்சத்திரங்கள் தானாக எதிரே வரும், பிடித்துக்கொள்ளும். சில வருஷம் ஓடினால் போதும் என்று கட்டியது, 26 வருஷம் உழைத்தது. 1968-ல் நண்டு நெபுலாவில் ஒளிந்திருந்த பல்சரைக் காட்டிக் கொடுத்ததும் இதுதான்.

விழுந்த காரணம்? உத்தரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஓர் இரும்புத் தகடு விட்டுக்கொடுத்துவிட்டது. அவ்வளவுதான்.

செனட்டர் ராபர்ட் பேர்ட் முயற்சியில் பணம் வந்தது. (புது டெலஸ்கோப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். எல்லா ஊரிலும் வழக்கம் ஒன்றுதான்!) ஆனால் பழையதையே நகல் எடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தார்கள்.

முதல் தொல்லை, நிழல். தட்டின் நடுவே கால்கள் நட்டு ரிசீவரை நிறுத்தினால், வருகிற அலையை அதுவே மறைக்கும். எனவே ரிசீவரைத் தாங்கும் கையை ஓரத்திலிருந்து நீட்டினார்கள். மொட்டை மாடிக்குப் போய் உங்கள் வீட்டு டி.டி.எச். தட்டைப் பாருங்கள், அதே சூத்திரம்தான்.

இரண்டாவது, தொய்வு. 100-க்கு 110 மீட்டர் தட்டு சாயும்போது தன் பாரத்திலேயே வளையும். வளைந்தால் சின்ன அலைகள் குவியாது. என்ன செய்யலாம்? முகத்தை 2,004 அலுமினியப் பலகைகளாகப் பிரித்து, மூலைகளில் 2,209 சின்ன மோட்டார்கள் வைத்தார்கள். எங்கே தொய்கிறதோ அங்கே கம்ப்யூட்டர் சொல்லித் தூக்கிவிடும்.

பதினாறு சக்கரங்களில், வட்டத் தண்டவாளத்தின் மேல், சுமார் 7,700 டன் கனமுள்ள ராட்சசன் எல்லாப் பக்கமும் திரும்புகிறான். 2000 ஆகஸ்டில் திறப்பு விழா. பக்கத்தில் பெட்ரோல் கார் போகக்கூடாது, டீசல் மட்டும்தான். ஸ்பார்க் பிளக்கின் சின்னப் பொறிகூட அதன் காதுக்கு இடி!

பாரம் தாங்கும்வரை அந்தப் பழைய தகட்டை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் ஆபீஸிலும் ஓரமாக, சத்தமில்லாமல் ஒருத்தர் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், சார்.