சால்வையோடு முடிந்துவிடுமா நன்றி?

மாதக் கடைசி வந்துவிட்டால் போதும், நம் பகுதியில் சால்வை வியாபாரம் சூடு பிடித்துவிடும். மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை ஏதாவது ஓர் அலுவலகத்தில், ஏதாவது ஒரு காவல் நிலையத்தில் யாராவது ஒருவர் பணி ஓய்வு பெறுவார். கடைக்காரர்களிடம் வசூல் நடக்கும். ரோஜா மாலை, சந்தன மாலை, புகைப்படம். மறுநாள் சுவரொட்டி. அந்த அதிகாரி என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்று கேட்டால் மாலை போட்டவருக்கே தெரியாது.

நன்றி பாராட்டுவது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எதற்கு நன்றி என்று தெரியாமல் சொல்லும் நன்றி, நாளைய காரியத்துக்குப் போடும் முன்பணம்தானே! 2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு, 18 டேங்கர் பெட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. ஓர் உயிரும் போகவில்லை. அந்தத் தீயின் முன்னால் நின்ற தீயணைப்பு வீரர்களில் ஒருவருடைய பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களால் நமக்கு லைசென்ஸ் காரியம் ஆகப்போவதில்லை. ஆகவே சால்வையும் இல்லை.

சகோதரர்களே! ஒரு காவல்துறை அதிகாரியின் ஓய்வு நாளை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம். அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவருடைய கதை நம் ஊர் வழியாகச் செல்லும் சாலையின் மறுமுனையில் தொடங்குகிறது.

1991 மே 21. மணவாள நகரைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் நம் பெரியவர்கள் பலர் அன்றைய பரபரப்பை இன்றும் சொல்வார்கள். திருவள்ளூர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூரும் நாமும் ஒரே மாவட்டம். இரவு பத்து மணிக்கு மேல் தேர்தல் கூட்டத்தில் மனித வெடிகுண்டு வெடித்தது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு மாண்டவர்களில் 9 பேர் காவல்துறையினர். அவர்களில் ஒருவர் மாவட்டக் கண்காணிப்பாளர் முகமது இக்பால். மாண்ட பொதுமக்களில் ஒருவர் மகளிர் காங்கிரஸைச் சேர்ந்த சந்தானி பேகம்.

இந்த இரண்டு பெயர்களையும் நம் இளைஞர்கள் ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். ‘உங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்’ என்று தொழிற்சாலை வாசலிலும் டீக்கடையிலும் கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நம் பிள்ளைகளோ பதில் தெரியாமல் கோபப்படுகிறார்கள். நம் ஊரிலிருந்து சிறிது தூரத்திலேயே, சீருடையோடு, கடமையில் நின்ற இடத்திலேயே உயிரைக் கொடுத்த ஒரு முகமது இக்பால் இருக்கிறார். அவருக்கு ஓய்வு நாள் வரவில்லை. மாலையும் வரவில்லை.

அதே இடத்தில், அதே நிமிடத்தில் படுகாயமடைந்து பிழைத்தவர் காஞ்சிபுரம் உதவிக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப். 1987ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். தொகுப்பைச் சேர்ந்த இளம் அதிகாரி. இரத்தம் தோய்ந்த அவருடைய தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்கில் சான்றுப் பொருட்களாகி, முப்பது ஆண்டுகள் நீதிமன்றப் பாதுகாப்பில் கிடந்தன.

உடம்பில் காயத்தோடு பிழைத்த ஒருவர், கூட்டத்தைக் கண்டால் அஞ்சி ஒதுங்கியிருக்கலாம். மக்களையே சந்தேகிக்கும் அதிகாரியாகவும் மாறியிருக்கலாம். இவர் 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராகப் போனார். சாதி மோதலும் மதப் பதற்றமும் மாறி மாறித் தலைதூக்கிய மாவட்டம். நம் மக்கள் கணிசமாக வாழும் மாவட்டம். அங்கே அவர் தொடங்கியதுதான் ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம். குற்ற வழக்கில் சிக்காத எந்தக் குடிமகனும் அதில் சேரலாம். இரவு ரோந்தில் உடன் நடக்கலாம், போக்குவரத்தில் உதவலாம், தெருவில் மூளப்போகும் சண்டையை முன்கூட்டியே நிலையத்துக்குச் சொல்லலாம். கைது செய்யவோ அடிக்கவோ அதிகாரம் கிடையாது. 1994இல் இது மாநிலம் முழுவதும் விரிந்தது.

இதில் என்ன பெரிய புதுமை என்று சிலர் கேட்கலாம். காவல் நிலையத்தின் வாசற்படியை நம் இளைஞன் எப்போது மிதிக்கிறான்? பாஸ்போர்ட் விசாரணைக்கு. இல்லையென்றால், ‘சும்மா ஒரு விசாரணை, வந்துவிட்டுப் போ’ என்று அழைக்கப்படும்போது. ஆய்வாளருக்கு அவன் முகம் தெரியாது, தாடி மட்டும்தான் தெரியும். அவனுக்கும் ஆய்வாளரின் பெயர் தெரியாது, லத்தி மட்டும்தான் தெரியும். இந்த இடைவெளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கோவை காட்டியது. 1997 நவம்பரில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து நம் சகோதரர்கள் 18 பேர் பலியானார்கள். 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்து அப்பாவிகள் மாண்டார்கள். அதன்பின் குற்றத்துக்குத் தொடர்பே இல்லாத எத்தனை குடும்பங்கள் சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்தன! தெருவையும் தெருவில் உள்ளவர்களையும் பெயர் சொல்லி அறிந்த காவலர் ஒருவர் இருந்தால், குற்றவாளி தப்புவதும் கடினம், நிரபராதி சிக்குவதும் கடினம்.

ஆனால் புகழுரை மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கொண்டு செல்லப்பட்டு, கொடுமைப்படுத்தப்பட்டு, சில நாட்களுக்குள் இருவரும் மாண்டார்கள். கடை வைத்திருக்கும் ஒவ்வொருவர் வயிற்றிலும் நெருப்பைக் கட்டிய சம்பவம் அது. அந்த நிலையத்தோடு தொடர்புடைய தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. அவர்கள் எங்கிருந்து, யார் பரிந்துரையில் வந்தார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. தம் இயக்கத்தினருக்கு இதில் பங்கில்லை என்று பிலிப் மறுத்தார். ஆயினும் 2020 ஜூலையில் அரசு ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்புக்கே தடை விதித்தது. இருபத்தேழு ஆண்டு உழைப்பு, ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போது!

நம்மைக் கேட்டால், திட்டத்தில் அல்ல, ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் ஓட்டை இருந்தது. நிலையத்துக்கு நெருக்கமானவர்கள் உள்ளே வந்தார்கள்; தெருவுக்கு நெருக்கமானவர்கள் வெளியே நின்றார்கள். வெளியே நின்றவர்களில் நாமும் உண்டு. ‘போலீசோடு நமக்கென்ன உறவு’ என்று ஒதுங்கினோம். அமைதிக் குழு என்று கூப்பிட்டால் நான்கு பெரியவர்கள் வெள்ளைச் சட்டையோடு போய் டீ குடித்துவிட்டு வருவதோடு சரி.

பிலிப் 2021 செப்டம்பர் 30 அன்று பயிற்சிப் பிரிவு டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்றார். அதற்கு முன் அவர் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார். பதவி நீட்டிப்புக் கேட்டல்ல. கடைசி நாளில் அணிந்துகொள்ள அந்தப் பழைய தொப்பியையும் பெயர்ப் பட்டையையும் தரவேண்டும் என்று. ஒரு லட்சம் ரூபாய் பிணைப் பத்திரத்தின் பேரில், அக்டோபர் 28க்குள் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் கொடுத்தது. அவற்றை அணிந்தே விடைபெற்றார். எவ்வளவு விலையுயர்ந்த பட்டுச் சால்வைக்கும் அந்தக் கறைபடிந்த தொப்பியின் மதிப்பு வருமா?

இப்போது நம் ஊர்க் காரியத்துக்கு வருவோம். இம்மாதச் சால்வைச் செலவை நிறுத்திவிட்டு, ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் ஒருநாள் இஷாவுக்குப் பின் கூடி உட்காரட்டும். வழக்கில் சிக்காத, படித்த, பொறுமையுள்ள இளைஞர்கள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கட்டும்; ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் உதவத் தயார் என்று எழுதிக் கொடுக்கட்டும். கூடவே இரண்டு கோரிக்கைகளையும் வைக்கட்டும். நிலையம் பயன்படுத்தும் ஒவ்வொரு தன்னார்வலரின் பெயரும், அவரைப் பரிந்துரைத்தவரின் பெயரும் நிலைய அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். லாக்கப் இருக்கும் பக்கமே அவர்கள் போகக் கூடாது. மனுவில் கடைக்காரர்கள் அனைவரும் கையெழுத்திடட்டும், எல்லா மதத்தவரும். மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகம் திருவள்ளூரில்தான் இருக்கிறது. பஸ் செலவு சால்வைச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.