கல்லீரலைக் கெடுப்பது மாத்திரையா, மாத்திரையை நிறுத்தச் சொல்ற வாயா?

1/ "டாக்டர், எச்ஐவி மாத்திரை கல்லீரலை எரிச்சிடுமாமே?" வாரத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க. கேக்குறவங்க மேல கோபமில்லை. அப்படிச் சொல்லிக் கொடுத்தவங்க மேலதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ போன மாசம் ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்தார். கண்ணு ரெண்டும் மஞ்சள், வயிறு உப்பல். ஆறு வருஷமா ஏஆர்டி கூட்டு மருந்து ஒழுங்கா சாப்பிட்டவர். "இங்கிலீஷ் மருந்து விஷம், எங்க லேகியம் எச்ஐவியையே விரட்டும்"னு ஒரு வீடியோ. அதை நம்பி நாலு மாசமா மாத்திரையைத் தொடலை.

3/ அவருக்கு ஹெப்படைட்டிஸ் பி-யும் இருக்கு. இப்போ பெரும்பாலானவங்களுக்குத் தர்ற ஒரே மாத்திரையில மூணு மருந்து: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர். முதல் ரெண்டும் ஹெப்படைட்டிஸ் பி-யையும் சேர்த்து அடக்கி வைக்கும். திடீர்னு நிறுத்தினா அந்த வைரஸ் சீறிக்கிட்டு எழும். அதான் நடந்தது. எந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும்னு பயந்தாரோ, அதுதான் அதுக்குக் காவல் நின்னுச்சு.

4/ ஹெப்படைட்டிஸ் இல்லாதவங்களுக்கு? எச்ஐவி ஆரம்பத்துலேயே குடலில் இருக்கிற சிடி4 செல்களை அழிக்கும். குடல் சுவர் பலவீனமாகி, பாக்டீரியாக் கழிவுகள் ரத்தத்தில் கசியும். குடல் ரத்தம் நேரா போறது கல்லீரலுக்குத்தான். ஓயாத அழற்சி, வருஷக்கணக்கில் தழும்பு. குடிப்பழக்கமோ ஹெப்படைட்டிஸ் சி-யோ சேர்ந்தா இன்னும் வேகம்.

5/ மருந்தால பிரச்சினையே வராதா? வரலாம். பழைய நெவிரபின் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியது உண்மை. காசநோய் மருந்தோட சேரும்போதும் கவனம் வேணும். அதனாலதான் ரத்தம் எடுத்து எல்எஃப்டி பாக்குறோம், தேவைப்பட்டா மருந்தை மாத்துறோம். லேகியம் வித்தவர் என்ன டெஸ்ட் எடுத்தார்?

6/ "கொஞ்ச நாள் உடம்புக்கு ரெஸ்ட் கொடுக்கலாமே?" இதையும் சோதிச்சுப் பாத்தாச்சு. 2006ல வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வில், விட்டு விட்டு மருந்து எடுத்தவங்கதான் அதிகம் இறந்தாங்க. இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பும் அவங்களுக்குத்தான் அதிகம்.

7/ எங்க பக்கமும் தப்பிருக்கு. கூட்டத்துல "தவறாம சாப்பிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிடுறோம். ஏன்னு சொல்றதில்ல. அந்த ரெண்டு நிமிஷத்தை நாம கொடுக்கலைன்னா, லேகியக்காரர் கொடுப்பார்.

8/ அரசு ஏஆர்டி மையங்களில் 2004லேர்ந்து மருந்து இலவசம். சந்தேகம்னா மையத்துக்கு வாங்க, இல்ல 1097க்கு ஃபோன் பண்ணுங்க. நீங்களா நிறுத்தாதீங்க. அண்ணன் திரும்ப மாத்திரை ஆரம்பிச்சுட்டார். மூணு வாரமாச்சு, இன்னும் வார்டுலதான் இருக்கார். அந்த வீடியோவும் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு.