வட்டியில்லாக் கடனும் அரசின் கடமையும்

2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கெடுபிடி ஏழைப் பெண்கள் பலரைத் தற்கொலைக்குத் தள்ளியது. ஆயினும், அந்நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2022இல் அகற்றிவிட்டது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளைச் சில வங்கிகள் ‘சிவப்பு மண்டலம்’ என ஒதுக்கி வைத்ததை 2006இலேயே சச்சார் குழு சுட்டிக்காட்டியது. வங்கி அடைக்கும் கதவே கந்துவட்டிக்காரனின் தலைவாசல்.

உத்தரப்பிரதேசத்தின் தேவ்பந்தில் 1961இல் தோன்றிய முஸ்லிம் ஃபண்ட் போன்ற அமைப்புகள், எளியோரின் சிறுசேமிப்பைத் திரட்டி, நகையின் பேரில் வட்டியின்றிக் கடன் தருகின்றன. நிர்வாகச் செலவுக்குச் சிறு கட்டணமே பெறுகின்றன. வட்டியின்றியும் கடன் கொடுத்து வசூலிக்க இயலும் என்பதற்கு இவை சான்று. வட்டியில்லா வங்கிச் சேவையை ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி 2017இல் அதனைக் கைவிட்டது.

எனினும், அடகு வைக்க நகையே இல்லாத கூலிப் பெண் எங்கே செல்வாள்? ‘ஹலால் முதலீடு’ என்று நம்பவைத்துப் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பைச் சூறையாடிய மோசடி 2019இல் பெங்களூரில் வெடித்தது. கண்காணிப்பற்ற இடத்தில் இறைநம்பிக்கையும் மூலதனத்தின் தூண்டிலாகிவிடும்.

ஆகவே, வட்டியில்லாக் கடன் அமைப்புகள் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ், முறையான தணிக்கையுடன், மதவேறுபாடின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். அவை பொதுத்துறை வங்கிகளுக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. ஏழைக்குக் கடன் தருவது தருமமன்று, அரசின் கடமை. அக்கடமையை நிறைவேற்றச் செய்யும் போராட்டத்தில் அனைத்து மத உழைப்பாளரையும் ஓரணியில் திரட்டுவதே நம்முன் உள்ள பணி.