சிவலிங்கம் தொடுத்த வழக்கு

கல் வழக்காடுமா என்று வினவினால் நகையாதார் யார்? ஆயினும் இலண்டன் நீதிமன்று ஒன்றிலே, 1988ஆம் ஆண்டில், ஒரு சிவலிங்கம் உரிமை கோருவோருள் ஒன்றாய் நின்றது. நம் மாணாக்கர் அவ்வழக்கை அறிந்திருத்தல் நன்று.

தஞ்சை மாவட்டத்துப் பத்தூரிலே, இடிந்து கிடந்த சோழர் காலச் சிவாலயம் ஒன்றின் அருகே, 1976இல் நிலந்தோண்டிய கூலியாள் ஒருவர் நடராசர் திருவுருவம் ஒன்றைக் கண்டெடுத்தார். அது கைமாறிக் கடல் கடந்து, 1982இல் கனேடியக் கம்பனி ஒன்றுக்கு விலையாயிற்று. செப்பனிடுதற்கெனப் பிரித்தானிய நூதனசாலையில் இருந்தபோது பொலிசார் அதனைக் கைப்பற்றினர்.

வாங்கியோர் கள்வரல்லர், பொய் வரலாற்றை நம்பி வாங்கியோர். அவர்களுக்கு அது கலைப்பொருள். விலை கொடுத்தவர்க்கே உரியது. கோயிலார்க்கோ அது பொருளன்று, தெய்வம். தெய்வத்தை உடைமைகொள்ளத்தக்க ஓர் ஆளாகவே இந்தியச் சட்டமும் கொள்ளும். ஆங்கிலச் சட்டத்திலே கல்லும் செம்பும் ஆளாவதில்லை. உலகம் முழுவதும் ஒரே சந்தையாகிவிட்ட இக்காலத்தில், இரு மக்களின் பண்பாடுகள் மோதும்போது எவர் சொல்லைக் கொண்டு நியாயம் அளப்பது?

அந்நீதிபதி சைவராகிவிடவில்லை, நம்பாததை நம்புவதாக நடிக்கவுமில்லை. கோயில் எடுப்பித்த அன்பரின் புண்ணிய நோக்கம் பல நூற்றாண்டு கழிந்தும் அழியவில்லை, அதுவே இலிங்கத்தில் உருக்கொண்டு நிற்கின்றது என்று கண்டார். மேன்முறையீட்டு நீதிமன்று 1991இல் அவ்வளவு தூரம் செல்லவில்லை. தன் நாட்டில் வழக்காடும் தகுதி பெற்ற கோயில் இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்பதே அதன் முடிபு. திருவுருவம் அவ்வாண்டே தமிழகம் மீண்டது.

பிறர் கொள்கையை ஏற்பது வேறு. அவர் தம் மொழியிற் கூறும் முறைப்பாட்டை அம்மொழியிலேயே கேட்பது வேறு. பின்னதையே நாம் அறம் என்போம். 'சகிப்பு' என்னும் சொல் நமக்கு அத்துணை உவப்பன்று, தலைவலியையுமன்றோ சகிக்கிறோம்! நான்கு சமயத்தார் அருகருகே வாழும் நம் நாட்டிலே, அயலவர் ஒரு மரத்தையோ, குகையையோ, ஓர் என்புத் துண்டையோ சுட்டி, "இது எமக்குப் பொருளன்று" என்று சொல்லும்போது, அந்த ஆங்கில நீதிபதி கேட்டவாறு நாம் கேட்கின்றோமா? நம் முறைப்பாட்டை அவர் அவ்வாறு கேட்கவில்லையே என்பது தக்க விடையாகுமா?

இன்னுமொன்று. மீண்டு வந்த நடராசர் பத்தூர் சேர்ந்து பூசை கொள்ளவில்லை. களவுக்கு அஞ்சித் திருவாரூரிலே விக்கிரகங்களைக் காக்கும் நிலையத்தில் வைக்கப்பட்டார். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், தெய்வம் என்று வாதாடி மீட்கப்பெற்றவர், பெறுமதி மிக்க பொருளாய்ப் பூட்டிய அறைக்குள் இருக்க நேர்ந்தது. அப்பூட்டைச் செய்வித்தது கனேடியக் கம்பனியன்று; நம்மவருள்ளே உள்ள சிலைக் கள்வரேயாவர்.