குடியேற்ற விண்ணப்பமும் முதல் திருமணமும்

வெளிநாட்டில் வாழும் துணைவரோடு சேர விண்ணப்பிக்கும்போது, திருமணச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்காவின் ஐ-130 படிவம் அத்தோடு விடுவதில்லை. இருவரும் இதற்குமுன் எத்தனை முறை மணமுடித்தார்கள், முந்தைய துணைவர் யார், அத்திருமணம் எந்த நாளில் முடிவுற்றது என்றும் கேட்கிறது. துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், மணமுறிவு என்றால் நீதிமன்றத் தீர்ப்பாணை இணைக்க வேண்டும்.

கத்தோலிக்கராகிய நாம் தடுமாறுவது இங்கேதான். முதல் திருமணம் செல்லாது என மறைமாவட்டத் தீர்ப்பாயம் அறிவித்துவிட்டது. ஓலை வாசித்து, கோவிலில் மறுமணமும் நடந்தது. திருச்சபையின் பார்வையில் குறையில்லை. ஆனால் 1996இல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருச்சபைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்குச் சட்டப்படி மதிப்பில்லை, அதை நம்பிச் செய்த இரண்டாம் திருமணமும் செல்லாது என்றது. அந்த ஆணைகளுக்குச் சட்ட ஏற்பு கோரிய கிளாரன்ஸ் பாயிஸின் மனுவும் 2017இல் தள்ளுபடியானது. திருமணம் நடந்த நாட்டின் சட்டத்தையே விசா அதிகாரி பார்ப்பார்.

"திருச்சபையே அது திருமணமல்ல என்றபின் படிவத்தில் ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதத்தான் வேண்டும். முக்கிய உண்மையை வேண்டுமென்றே மறைத்தவருக்கு அமெரிக்கச் சட்டம் நிரந்தரத் தடை விதிக்கிறது; விலக்கு பெறுவது எளிதல்ல. கனடாவில் தடை 5 ஆண்டுகள்.

மணமுறிவு கேட்டு நீதிமன்றம் போவது பாவமாகிவிடுமோ என்று நல்ல மனங்கள் அஞ்சுகின்றன. சட்ட உரிமைகளையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் காக்க அது ஒன்றே வழியென்றால், அது ஒழுக்கக் குற்றமாகாது எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2383) தெளிவாகவே கூறுகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் இந்தியக் கிறிஸ்தவர்கள் இருவரும் இசைந்தும் மணமுறிவு பெற முடியும்.

இதில் பங்குத்தந்தையர்க்கும் பொறுப்புண்டு. நாட்டுச் சட்டம் ஏற்காத திருமணத்தை, அவசரத் தேவை தவிர, ஆயரின் அனுமதியின்றி நடத்தக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1071. ஓலை வாசிக்குமுன் நீதிமன்றத் தீர்ப்பாணையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அதிகாரி இரண்டு தேதிகளை ஒப்பிடுவார். தீர்ப்பாணையின் தேதி மறுமணத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், தீர்ப்பாணை கையில் இருந்தும் பயனில்லை. அந்தத் தம்பதியர் சட்டப்படி மீண்டும் மணம் செய்துகொண்டு, விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.