மூன்று சென்ட் புல்லுக்கு எத்தனை வோல்ட்?

இந்த வாரம் என்னை எரிச்சல்படுத்தியது ஓர் எண். நாற்பது.

வடவள்ளியில் வீடு கட்டிக் குடிபோன மருமகன், முன்புறம் மூன்று சென்ட் இடத்தைப் புல்தரைக்கு விட்டிருக்கிறான். (அங்கே மாங்கன்று வைக்கச் சொன்ன என் புலம்பலும், போதும் என்று நீங்கள் எழுதிய கடிதங்களும் ஏற்கெனவே வந்துவிட்டன. மறுபடி தொடங்க மாட்டேன்.) புல் வெட்ட மின்சார மெஷின் வாங்க வேண்டுமாம். போனில் கேட்டான்: "மாமா, முப்பத்தாறு வோல்ட் ஒண்ணு இருக்குதுங்க, நாப்பது வோல்ட் ஒண்ணு இருக்குதுங்க. நாப்பதே எடுத்துரலாமுங்களா? பவர் அதிகம்னு கடைல சொல்றாங்க."

இரண்டும் ஒரே பேட்டரிதான். உள்ளே இருப்பவை பத்து லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், பத்துக்கு 36. சார்ஜரிலிருந்து உருவிய கையோடு அளந்தால் செல்லுக்கு நாலு வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். பெட்டியில் 'மேக்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டு 40 ஆக்கிவிடலாம். விருந்து இலையிலிருந்து எழுந்தவனை எடை மெஷினில் ஏற்றிவிட்டு, இதுதான் இவன் எடை என்பது போல. டிரில்லிங் மெஷினில் 18-ம் 20-ம் இதே வித்தைதான்.

பார்க்க வேண்டியது வேறு. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 144 வாட்-ஹவர். பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு அவ்வளவுதான். காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

சரி, மூன்று சென்ட்டுக்கு எவ்வளவு வேண்டும்? ஏறத்தாழ 120 சதுர மீட்டர். 32 சென்டிமீட்டர் அகலம் வெட்டும் சின்ன மெஷினைத் தள்ளினாலும் மொத்த நடை அரை கிலோமீட்டரைத் தாண்டாது. இதற்குப் பேட்டரியே தேவையில்லை, வயர் வைத்த மெஷின் போதும் என்றேன். பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி விலகி விலகிப் போனால் வயர் வெட்டிய பக்கமே கிடக்கும், பிளேடில் சிக்காது. அந்த லைனில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். ஈரப் புல்லில் ஓட்டக் கூடாது.

இதோடு அவனும் விட்டிருப்பான், நானும் பத்தியை முடித்திருப்பேன். "பிளேடு எப்படிங்க மாமா பாக்கறது?" என்றான். வந்தது வினை.

கடைகளில் அதிகம் விற்பவை ரோட்டரி மெஷின்கள். அடியில் ஒற்றைத் தகடு, மின்விசிறி மாதிரி சுழலும். அது புல்லைக் கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்துத் துண்டாக்குகிறது. கூர் மழுங்கினால் புல் நுனி கிழிந்து, மறுநாள் தரை முழுக்க வெளிறிக் கிடக்கும். உருளை மெஷின் வேறு சாதி. சுருள் வடிவத் தகடுகள் உருளையாகச் சுழன்று, அடியிலுள்ள நிலைக்கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோலாகவே வெட்டும். உலகின் முதல் புல்வெட்டும் இயந்திரமே இதுதான். அது பிறந்தது தோட்டத்தில் இல்லை, நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான இடத்தில்.

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு, கம்பளித் துணிக்குப் பேர்போன பகுதி. ஓடைத் தண்ணீரில் ஓடிய மில்கள். நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் ரோமத்தைச் சீராகச் சீவ அங்கே சுழல் கத்தி இயந்திரம் இருந்தது. அதைப் பார்த்த எட்வின் பியர்ட் பட்டிங் என்ற மெக்கானிக்கிற்கு, துணியின் இடத்தில் புல்தரை தெரிந்தது. 1830-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். அதுவரை புல்தரை என்றால் ஆடு மேய வேண்டும், இல்லையேல் நீண்ட அரிவாளோடு ஆட்கள் விடியலில் இறங்க வேண்டும். பனி ஈரம் இருந்தால்தான் அரிவாள் நன்றாக வெட்டும். இயந்திரம் வந்ததும் காய்ந்த புல்லை வெயிலேறிய பிறகும் வெட்ட முடிந்தது. கனவான்கள் தாங்களே தள்ளினால் பொழுதுபோக்கு, உடற்பயிற்சி இரண்டும் ஆகும் என்று காப்புரிமை மனுவிலேயே விளம்பரமும் செய்திருந்தார் மனிதர். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்களே என்று ராத்திரியில் ஓட்டிப் பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு.

நம் கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. ஆனால் இங்கே நூற்றது பருத்தி நூல். ரோமம் சீவும் வேலை குறைவு. டவல் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள், 'ஷியரிங்' என்பார்கள். டவலின் நூல் வளையங்களின் தலையைச் சீவி வெல்வெட் மாதிரி ஆக்குவது. இன்றும் அதே சுருள் கத்தி, அதே நிலைக்கத்தி. பட்டிங் பார்த்த இயந்திரத்தின் பேரப்பிள்ளை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் மருமகனிடம் சொன்னேன். "அப்ப எதைத்தானுங்க வாங்கறது?" என்றான், பொறுமையாக. மோட்டாரே வேண்டாம். கையால் தள்ளும் உருளை மெஷினே போதும். அவன் சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்துப் போட்டிருக்கும் 'பெர்முடா', பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான். உருளை வெட்டு அதற்குப் பொருந்தும். ஒரு நிபந்தனை: வாரம் தவறாமல் தள்ள வேண்டும். முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டால் உருளை புல்லைச் சாய்க்குமே தவிர வெட்டாது. எந்த மெஷினானாலும் ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் லேஅவுட்டில் மாதம் ஒருமுறை பெட்ரோல் மெஷினை உறுமவிட்டு, மண் தெரியும்வரை மொட்டையடித்து, அப்புறம் காய்ந்துவிட்டதென்று தண்ணீர் லாரிக்குச் சொல்கிறார்கள். அதுவும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. ஜெர்மனியில் குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிறு முழுக்க இந்த மெஷின்களுக்குத் தடை. எனக்கு அந்த ஒரு சட்டம் போதும்.

மூன்று சென்ட்டுக்குள் புல்தரை வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும்போது ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துப் போங்கள். உருளைக்கும் நிலைக்கத்திக்கும் நடுவே அதை நீட்டி, உருளையைக் கையுறை போட்ட கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். எங்காவது மடங்கிக்கொண்டு நின்றால், கடைக்காரரைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், முடியாதென்றால் வாங்காதீர்கள்.